ஐயவினாவுக்கு வகுப்பில் இடம் உண்டா? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை உயர்நிலை, மேல்நிலை வகுப்பு மாணவர் கற்கும் முறையைப் பற்றியே அமைந்துவிட்டன. ஆகவே வேறு பொருள் பற்றிய வினாக்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் இங்கே விடை எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் இயற்பியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான் என்பதால் எடுத்துக்காட்டுகள் அறிவியல் பக்கமே சாய்ந்திருக்கும். பிற பாட ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று அறிவியல் ஆசிரியர் வகுப்பில் கேட்டாராம். மூன்று நாளாகியும் விடையைச் சொல்லவில்லை. வெப்பமானியைக் கொடுத்து, அளந்து பார்த்து வரச் சொல்லியிருக்கிறார். இதற்கு 'வினவிக் கற்றல்' என்று பெயராம். பாடம் நடத்தாமல் பொழுதைக் கழிப்பதற்கு இப்படியும் ஒரு பெயர் உண்டா, ஐயா? அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு வருகிறதே.
— ஒரு தாய், கல்லிடைக்குறிச்சி

பதில்: அம்மா, தங்கள் கவலை நியாயமானது, ஆனால் அந்த ஆசிரியர் பொழுதைக் கழிக்கிறவராக எனக்குத் தோன்றவில்லை.

நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. தங்கள் மகன் பத்தாம் வகுப்புத் தமிழ் இலக்கணத்தில் இதைப் படிப்பான். தனக்கு விடை தெரிந்திருந்தும், மாணவனுக்குத் தெரிகிறதா என்று பார்ப்பதற்காக ஆசிரியர் கேட்பது அறிவினா. நம் பள்ளிகளில் முதல் மணி அடித்தது முதல் கடைசி மணி வரை கேட்கப்படும் வினாக்களைக் குறித்துவைத்து எண்ணிப் பார்த்தால், அவற்றுள் மிகப் பெரும்பாலானவை அறிவினாக்களாகவே இருக்கும். மாணவன் கேட்கும் அறியாவினா எப்போதாவது ஒன்று எழும். 'இதுவோ, அதுவோ' என்று இரண்டுக்கும் நடுவில் நின்று தயங்கும் ஐயவினாவை என் பணிக்காலத்தில் நான் வகுப்பில் கேட்ட நாள்கள் மிகச் சிலவே. அந்த ஐயவினாவை வகுப்பின் நடுவே கொண்டுவந்து வைத்து, அதைத் தீர்க்கும் பொறுப்பையும் மாணவனிடமே ஒப்படைப்பதுதான் வினவிக் கற்றல்.

இதிலும் படிகள் உண்டு. ஹெதர் பாஞ்சி, ராண்டி பெல் என்ற இரு அமெரிக்கக் கல்வியாளர்கள் 2008இல் இவற்றை நான்காக வகுத்து எழுதினர். அவற்றைத் தங்கள் மகனின் பானையைக் கொண்டே விளக்கிவிடலாம். 'பானைத் தண்ணீர் குளிரும்' என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, அது உண்மைதானா என்று அளந்து உறுதிசெய்யச் சொல்வது முதற்படி. வினாவையும் செய்முறையையும் கொடுத்து, முடிவை மட்டும் மாணவனைக் காணச் சொல்வது இரண்டாம் படி. வினாவை மட்டும் கொடுத்துவிட்டு, எதை எப்படி அளப்பது என்பதை அவனே வகுத்துக்கொள்ள விடுவது மூன்றாவது. வினாவே மாணவனுடையதாக இருப்பது நான்காவது. தங்கள் ஊர் ஆசிரியர் மூன்றாம் படியில் நிற்கிறார். ஒன்பதாம் வகுப்புக்கு அது துணிச்சலான படிதான்.

பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, உள்ளே இருக்கும் நீரிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். மகனும் அதை எழுதி வைத்திருப்பான். ஆனால் காருகுறிச்சிப் பானை ஒன்றையும் எவர்சில்வர் குடம் ஒன்றையும் ஒரே நிழலில் வைத்து, ஒரே அளவு தண்ணீரை ஊற்றி, மணிக்கொரு முறை அளந்த பிள்ளைக்கு வேறு ஓர் ஐயம் எழ வாய்ப்புண்டு: 'குளிர்ச்சி மண்ணின் குணமா, அல்லது கசிவின் வேலையா?' அதைத் தீர்க்க, மற்றொரு பானையின் வெளிப்புறம் முழுவதையும் நெகிழித்தாளால் இறுகச் சுற்றி வைத்துப் பார்க்கலாம் என்று அவனுக்கே தோன்றினால், அந்த மூன்று நாள்கள் வீணானவை அல்ல. அவன் குறிப்பேட்டை வாங்கிப் பாருங்கள். அளப்பதற்கு முன்பே 'இப்படி நடக்கும் என்று நினைக்கிறேன், காரணம் இது' என்று எழுதியிருக்கிறானா என்று மட்டும் பார்த்தால் போதும்.

ஒன்று மட்டும் ஆசிரியரின் கடமை. இறுதியில் எல்லாருடைய அளவீடுகளையும் கரும்பலகையில் கொண்டுவந்து, சரியான விளக்கத்தை அவரே தெளிவாகச் சொல்லி முடிக்க வேண்டும். வாரம் கழிந்தும் அது நடக்கவில்லை என்றால் மறுபடியும் எனக்கு எழுதுங்கள்; அப்போது நானும் தங்கள் பக்கம் சேர்ந்துகொள்கிறேன்.

கேள்வி: பி.எட். படிப்பில் 'மெட்டாகாக்னிஷன்' என்ற சொல்லைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். இப்போது பயிற்சிக் கூட்டங்களிலும் அது அடிபடுகிறது. நடைமுறையில் அதன் பொருள் என்ன? நாற்பத்தைந்து மாணவர், நாற்பத்தைந்து நிமிடம், முடிக்க வேண்டிய பாடப்பகுதி ஆகிய மூன்றுக்கும் நடுவில் அதை எங்கே நுழைப்பது?
— இயற்பியல் ஆசிரியர், சங்கரன்கோவில்

பதில்: ஜான் ஃபிளேவல் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் அது, 1979இல் அவர் எழுதிய கட்டுரைதான் இன்றும் எல்லாரும் தொடங்குமிடம். தமிழில் 'மீயறிதல்' என்று எழுதுகிறோம். தன் அறிதலைத் தானே மேலிருந்து பார்ப்பது என்று கொள்ளலாம். அதற்கு இரண்டு பக்கங்கள் உண்டு. தன் திறன் எப்படிப்பட்டது, எதிரில் இருக்கும் பணி எவ்வளவு கடினம், அதற்கு எந்த வழி பொருந்தும் என்பவற்றை அறிந்திருப்பது ஒன்று. தொடங்குமுன் திட்டமிட்டு, நடுவில் கவனித்து, முடிந்தபின் மதிப்பிட்டு, தேவையானால் வழியை மாற்றிக்கொள்வது மற்றொன்று. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் மண்வெட்டியோடு வரப்பில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நீர் ஓடுவது வாய்க்காலில்; எந்த வயல் நிறைந்தது, எங்கே உடைப்பு எடுக்கிறது, எப்போது வாய்மடையை அடைக்க வேண்டும் என்று பார்ப்பது வரப்பில் நிற்கும் கண். நம் மாணவர் பலரிடம் வாய்க்கால் இருக்கிறது. வரப்பில்தான் ஆள் இல்லை.

வினவிக் கற்றல் தானாகவே மீயறிதலை வளர்த்துவிடும் என்று கூட்டங்களில் சொல்வார்கள். நான் அதை முழுவதும் ஏற்பதில்லை. செய்முறையை முடித்து, முடிவை எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும் மாணவன் தன் சிந்தனையை ஒரு கணமும் திரும்பிப் பார்க்காமலே ஆண்டு முழுவதையும் கடந்துவிட முடியும். வினவுதல் அதற்கான தருணத்தை மட்டுமே உண்டாக்கித் தருகிறது. அத்தருணத்தில் 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். முதலில் அந்த ஆள் ஆசிரியர்.

தனியாகப் பாடவேளை தேட வேண்டாம்; இருக்கும் செய்முறையிலேயே தொடங்கலாம். மேல்நிலை இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று மதிப்பெண் பிரிந்திருக்கிறது. அந்த 20 மதிப்பெண்ணுக்கான செய்முறைகள் யாவும் மேலே நான் சொன்ன முதற்படியையோ இரண்டாம் படியையோ சேர்ந்தவை. தனி ஊசல் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது அலைவுகளுக்கான நேரத்தை அளந்து இருபதால் வகுக்கச் சொல்கிறோம், மாணவரும் செய்கிறார்கள். 'ஏன் இருபது? ஓர் அலைவை அளந்தால் போதாதா?' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்று பாருங்கள். ஒரு மீட்டர் நீள ஊசலின் அலைவு நேரம் ஏறத்தாழ 2 நொடி. நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் கை 0.2 நொடி தடுமாறினால், ஓர் அலைவில் அது பத்து விழுக்காட்டுப் பிழை. இருபது அலைவுகளின் 40 நொடியில் அது அரை விழுக்காடுதான். இதைத் தானே கணக்கிட்டுக் கண்ட மாணவன், அடுத்த சோதனையில் பிழை எங்கே நுழையும் என்று முன்கூட்டியே தேடத் தொடங்குவான். மீயறிதலின் முதல் அடையாளம் அந்தத் தேடல்தான்.

'பேசாமல் நின்று' என்று சொன்னதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். மூன்று நொடிக்கு மேல் காத்திருந்த வகுப்புகளில் மாணவரின் விடைகள் நீண்டன. தாமாக எழுப்பிய வினாக்களும் கூடின. எத்தனை எளிய மருந்து! என்றாலும், நான்காவது நொடியில் நாமே விடையைச் சொல்லிவிடாமல் இருப்பது பழகிய நாக்குக்கு எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும்.

இன்னும் ஒன்று செய்யலாம். அலகுத் தேர்வில் ஒவ்வொரு விடையின் ஓரத்திலும் 'உறுதி', 'ஐயம்', 'ஊகம்' என்று மூன்றில் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். திருத்தும்போது தவறான விடைகளைவிட, 'உறுதி' என்று எழுதப்பட்ட தவறான விடைகளே உங்கள் கவனத்துக்கு உரியவை. நாற்பத்தைந்து தாளிலும் அவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தால், அடுத்த வகுப்பில் எதைப் பேச வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: நான் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். ஒவ்வொரு பாடத்தையும் மூன்று முறை படிக்கிறேன். படிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல இருக்கிறது. தேர்வு அறையில் எதுவும் வருவதில்லை. எனக்கு ஞாபகசக்தி குறைவா, ஐயா?
— ஒரு மாணவன், வள்ளியூர்

பதில்: தம்பி, குறை உன் நினைவாற்றலில் இல்லை, 'தெரிந்ததுபோல இருக்கிறது' என்ற அந்த உணர்வை நீ நம்பிவிடுவதில் இருக்கிறது. வள்ளியூரிலிருந்து திருநெல்வேலிக்குப் பல முறை பேருந்தில் போயிருப்பாய். ஒவ்வோர் ஊரும் வரவர உனக்குத் தெரிகிறது. வீட்டில் உட்கார்ந்து, வழியில் உள்ள ஊர்களை வரிசையாக எழுதச் சொன்னால் நாங்குநேரியைத் தாண்டியதும் தடுமாறுவாய். கண்முன் வரும்போது அடையாளம் தெரிவது வேறு. கண்முன் இல்லாதபோது உள்ளிருந்து எடுத்துத் தருவது வேறு. தேர்வு கேட்பது இரண்டாவதை. நீ பழகியது முதலாவதை.

2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தனர். ஒரு பகுதியை மீண்டும் படித்தவர்கள் ஒரு பக்கம். ஒருமுறை படித்துவிட்டு, பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் மறுபக்கம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மீண்டும் படித்தவர்களே சற்று முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்கள் நினைவில் 42 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்கள் நினைவில் 56 விழுக்காடும் எஞ்சியிருந்தன. அதைவிட வியப்பானது ஒன்று உண்டு. அதே ஆய்வின் இன்னொரு சோதனையில், 'ஒரு வாரம் கழித்து எனக்கு நன்றாக நினைவிருக்கும்' என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள், திரும்பத் திரும்பப் படித்தவர்களே!

ஆகவே மூன்றாம் முறை படிக்கும் நேரத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் எழுதிப் பார். அரைப் பக்கத்தோடு நின்றுவிடும்; வெட்கமாக இருக்கும்; அந்த வெட்கத்துக்கு அஞ்சித்தான் நாம் மறுபடி புத்தகத்தைத் திறந்துகொள்கிறோம். எங்கே நின்றதோ அந்த இடத்தை மட்டும் திறந்து படித்து, இரண்டு நாள் கழித்து மீண்டும் மூடி எழுது. வண்ணப் பேனாவால் வரிகளின்மேல் கோடிடுவதை விட்டுவிடு. அது புத்தகத்துக்கு அழகு, உனக்குப் பயன் குறைவு.

கேள்வி: மாணவன் தானே கண்டுபிடித்துக் கற்பான் என்பது மேலைநாட்டு நாகரிகம். நியூட்டன் கண்டதை ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒரு பாடவேளையில் கண்டுவிடுவானா? முதலில் பாடத்தைச் சொல்லிக் கொடுங்கள். சிந்தனை பிறகு தானாக வரும்.
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தென்காசி

பதில்: ஐயா, தங்கள் கருத்தில் பாதி எனக்கும் உடன்பாடு. அந்த மேலைநாட்டிலேயே கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற மூவர் 2006இல் தாங்கள் சொன்னதையே கடுமையாக எழுதினார்கள்: முன்னறிவு இல்லாதவனை வழிகாட்டாமல் விட்டால், ஒரே நேரத்தில் சிலவற்றை மட்டுமே ஏந்தக்கூடிய அவனுடைய உடனடி நினைவு தேடுவதிலேயே தீர்ந்துவிடும், கற்பதற்கு எதுவும் எஞ்சாது. அடுத்த ஆண்டே வேறு மூவர் மறுப்பு எழுதினர். நல்ல வினவிக் கற்றலில் வழிகாட்டல் நிறைய உண்டு, அதை வழிகாட்டாத கற்பித்தலோடு சேர்த்து எண்ணக்கூடாது என்பது அவர்கள் வாதம். இரண்டையும் படித்தபின், சண்டை பெயரைப் பற்றியது, உண்மை ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது. சாரம் கட்டாமல் சுவர் எழாது. சுவர் நின்றபின் சாரத்தைப் பிரிக்காமல் வைத்திருப்பதும் தவறு.

இதை நான் கட்டுரைகளிலிருந்து கற்கவில்லை. சறுக்கி விழுந்து கற்றேன். கூந்தன்குளம் 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சில ஆண்டுகளுக்குப் பின், ஒரு தை மாதத்தில் ஒன்பதாம் வகுப்பை அங்கே அழைத்துச் சென்றேன். 'பாருங்கள், உங்களுக்குத் தோன்றும் வினாக்களை எழுதுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு, பெரிய புரட்சி செய்துவிட்ட நிறைவோடு மரத்தடியில் உட்கார்ந்தேன். மாலையில் வந்த தாள்களில் 'பறவைகள் ஏன் பறக்கின்றன?' என்ற வினாவே பாதிக்கு மேல் இருந்தது. மீதிப் பேர் புளியோதறையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். மறு ஆண்டு நால்வர் நால்வராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் கரையில் ஓர் இடத்தை ஒதுக்கி, எந்தப் பறவை கரையோரச் சேற்றில் இரை தேடுகிறது, எது ஆழ்நீரில் தேடுகிறது, அதன் அலகு எப்படிப்பட்டது என்ற மூன்றை மட்டும் அட்டவணையில் குறிக்கச் சொன்னேன். அட்டவணை நிறைந்த பிறகுதான் வினாக்கள் பிறந்தன. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஒரே மரத்தில் கூடு கட்டியும் ஏன் இரைக்காகச் சண்டையிடுவதில்லை என்று ஒரு மாணவி கேட்டாள். முன் ஆண்டு வராத அந்த வினா இந்த ஆண்டு வந்ததற்குக் காரணம், நான் முன்பே கட்டிக்கொடுத்த அந்தச் சிறிய சாரம்தான்.

'மேலைநாட்டு நாகரிகம்' என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. நூலைப் பயிலும் முறையைச் சொல்லும் நன்னூல் நூற்பா பாடம் போற்றலையும், கேட்டவை நினைத்தலையும், வினாதலையும், வினாயவை விடுத்தலையும் தனித்தனியாக எண்ணி வைக்கிறது. நம் முன்னோர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள் என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. பாடம் போற்றலை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றைக் கைவிட்டது யார் என்று நாமே கேட்டுக்கொள்ளத்தான்.

கேள்வி: வரலாற்றுப் பாடத்தில் இதற்கு வழி உண்டா? எங்களுக்குச் சோதனைக்கூடம் இல்லையே.
— சமூக அறிவியல் ஆசிரியர், ஸ்ரீவைகுண்டம்

பதில்: தங்கள் ஊரைச் சுற்றியிருப்பதைவிடப் பெரிய சோதனைக்கூடம் எந்தப் பள்ளியில் இருக்கிறது? ஆதிச்சநல்லூர் ஒருபுறம், சிவகளை மறுபுறம். சிவகளை முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல் உமியின் காலம் பொ.ஆ.மு. 1155 என்று ஆய்வில் தெரியவந்ததைத் தமிழ்நாட்டு முதலமைச்சர் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவித்தார். பொருநை நாகரிகம் 3200 ஆண்டு பழமையானது என்ற வரியைப் பெருமையோடு எழுதிப் போடும் வகுப்பில், அதோடு நிறுத்தாமல், உமியின் வயதை எப்படிக் கண்டார்கள், உமியின் வயதும் தாழியின் வயதும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டுமா, ஒரே ஒரு தாழியைக் கொண்டு ஊர் முழுவதற்கும் காலம் சொல்லலாமா என்று மாணவரைக் கேட்க விடுங்கள். பெருமை அதனால் குறையாது. சான்றுக்கும் முடிவுக்கும் நடுவில் உள்ள தொலைவை அளக்கத் தெரிந்த பிள்ளை, கைப்பேசியில் வரும் அரைகுறை வரலாற்றையும் அதே கோலால் அளப்பாள்.

கேள்வி: நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள்; பீடி சுற்றுகிறேன். மகள் பதினொன்றாம் வகுப்பு. அவள் படிப்புக்கு நான் எந்த வகையில் உதவ முடியும்?
— ஒரு தாய், முக்கூடல்

பதில்: அம்மா, இலை சரியாக நனையவில்லை என்பதும், தூள் ஒரு பக்கம் கூடிவிட்டது என்பதும், கடையில் கழித்துப் போடுவதற்கு முன்பே தங்கள் விரலுக்குத் தெரிந்துவிடுகிறது அல்லவா? தன் வேலையின் குறையைத் தானே உணரும் அந்தக் கவனத்தைத்தான் மேலே பெரிய பெயர் சொல்லி எழுதியிருக்கிறேன். மாலையில் தாங்கள் சுற்றிக்கொண்டிருக்கும்போது, அன்று படித்த பாடத்தைப் புத்தகம் பாராமல் தங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். பாடம் தங்களுக்குப் புரிய வேண்டும் என்பதில்லை. எங்கே அவள் குரல் தணிகிறதோ, எங்கே 'அது அப்படித்தான்' என்று தாண்டிப் போகிறாளோ, அங்கே கையை நிறுத்தி 'ஏன்?' என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு மண்பானையில் ஆடி மாதத்தில் தண்ணீர் நன்றாகக் குளிர்ந்தது. ஐப்பசியில் வெயில் குறைவாக இருந்தும் அவ்வளவு குளிரவில்லை. ஏன், ஐயா?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, கல்லிடைக்குறிச்சி

பதில்: முதற்கடிதத்தில் வந்த அதே வகுப்பு என்றே நினைக்கிறேன், மகளே. நன்னூல் விடையையும் எட்டு வகையாகப் பிரிக்கிறது. அவற்றுள் 'வினா எதிர் வினாதல்' என்பது ஒன்று. உன் ஆசிரியரின் வேலையைக் கெடுக்க விரும்பாததால் அதையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். ஆடியில் கொடியில் போட்ட துணி எத்தனை மணி நேரத்தில் காய்ந்தது? ஐப்பசியில்?